‘பட்டன்தார்’: ஒரு கத்தியும் அரசிதழில் நுழைந்த இரு சொற்களும்

1980 அக்டோபர் 29 நாளிட்ட தில்லி நிர்வாகத்தின் அறிவிக்கை ஆங்கிலச் சட்டநடையில் எழுதப்பட்டது. அதன் நடுவே இரண்டு சொற்கள் மட்டும் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கின்றன: ‘கராரிதார்’, ‘பட்டன்தார்’. ஸ்பிரிங்கால் இயங்கும் கத்திகள், கராரிதார் கத்திகள், பட்டன்தார் கத்திகள், வேறு ஏதேனும் இயந்திர அமைப்பால் திறக்கவோ மூடவோ செய்யும் கத்திகள் என்று அது பட்டியலிடுகிறது. இவற்றுள் அலகின் நீளம் 7.62 செ.மீ. அல்லது அதற்கு மேலும், அகலம் 1.72 செ.மீ. அல்லது அதற்கு மேலும் உள்ளவை தலைநகரில் கட்டுப்பாட்டுக்கு உட்படும். பெயர்களைச் சட்டம் சந்தையிடமிருந்து கடன் வாங்கியது; அவற்றுக்கு வரையறை தரவில்லை. அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகள் தில்லியின் குற்றவியல் நீதிமன்றங்களில் பலரது விடுதலையும் சிறையும் இந்தப் பெயர்களையும், இவற்றுக்கு முன்னால் நின்ற ஒரு நோக்கத் தொடரையும் பற்றியே சுழன்றன.

‘-தார்’ என்னும் பாரசீகப் பின்னொட்டு தமிழுக்குப் புதிதன்று. ஜமீன்தார், தாசில்தார், ஹவில்தார் ஆகிய சொற்களில் நெடுங்காலமாகக் குடியிருப்பதுதான். ‘உடையவர்’, ‘கொண்டவர்’ என்பது அதன் பொருள். நிலம் உடையவர் ஜமீன்தார் ஆனதுபோல், பட்டன் உடைய கத்தி ‘பட்டன்தார்’ ஆயிற்று. ‘கராரி’ என்பது இந்தியில் பற்சக்கரத்தைக் குறிக்கும். எனவே பல் உடைய கத்தி ‘கராரிதார்’. தமிழ்ப் பேச்சு வழக்கு பின்னொட்டைத் தேடிப் போகாமல் ‘பட்டன் கத்தி’ என்று தொகையாக்கிக்கொண்டது.

இரு பெயர்களும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்பினும், அவை குறிக்கும் பொறியமைப்புகள் வேறு. தானாகத் திறக்கும் கத்தியில் அலகு பிடிக்குள் மடங்கிக் கிடக்கும்போதே ஸ்பிரிங் இறுகிய நிலையில் இருக்கும். ஒரு சிறு கொக்கி அலகை வெளியேற விடாமல் தடுத்திருக்கும். பட்டனை அழுத்தினால் கொக்கி விலகும், அலகு பாயும். பற்சக்கரக் கத்தியில் தானாக நிகழ்வது எதுவும் இல்லை. அலகின் அடிப்பகுதியில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். கையால் விரிக்கும்போது பிடியின் முதுகிலுள்ள எஃகுப் பட்டை ஒவ்வொரு பல்லிலும் விழுந்தெழும். இறுதியில் அலகு பூட்டிக்கொள்ளும். கேட்பவரை அச்சுறுத்துவது அந்தக் கறகற ஓசைதான். ஸ்பெயினின் பழைய நவாஹா கத்திகளிலும் இதே ஏற்பாடு உண்டு. திறப்பதன் உழைப்பு முழுவதும் கையினுடையது. ஆயினும் அறிவிக்கை இவ்விரண்டையும் ஒரே வகையில் அடக்கியது. இதற்குப் பொறியியல் விளக்கம் தேடுவது வீண். இரண்டும் ஒரே வகை மனிதரின் சட்டைப்பையில் இருக்கும் என்ற எண்ணமே அவற்றை இணைத்தது என்று கொள்வதுதான் பொருத்தம்.

கத்தி இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்த வழி நேரானதன்று. 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆட்சி இரு சட்டங்களைக் கொண்டுவந்தது. இந்திய மொழி இதழ்களின் வாயைக் கட்டிய சட்டம் ஒன்று. கையிலிருந்த படைக்கலங்களைப் பறித்த ஆயுதச் சட்டம் மற்றொன்று. முன்னது நான்கே ஆண்டுகளில் ரிப்பன் பிரபுவால் நீக்கப்பட்டது; பின்னது 1959 வரை வாழ்ந்தது. 1878-இன் வரையறை துப்பாக்கி, துப்பாக்கி முனைக்கத்தி, வாள், குத்துவாள், ஈட்டி, ஈட்டிமுனை, வில், அம்பு, பீரங்கி எனப் பெயர்களை அடுக்கியது. சாதாரணக் கத்தி அந்த வரிசையில் பெயர் பெறவில்லை. ஆனால் ‘உள்ளடக்கும்’ என்று தொடங்கும் வரையறைக்கு எல்லை கிடையாது. அதில் எதையும் சேர்க்கலாம். சீக்கியரின் கிர்பான் வாளா, சமயச் சின்னமா என்ற பூசல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலரைச் சிறைக்கு அனுப்பியது. அப்பூசலின் முடிவை அரசமைப்பின் 25ஆம் உறுப்பின் விளக்கக் குறிப்பில் இன்றும் படிக்கலாம்.

ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம் என்ற பாகுபாட்டைத் தேசிய இயக்கம் தொடக்கத்திலேயே எதிர்த்தது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் இச்சட்டத்தை நீக்க வேண்டும் என்று இளைஞரான விபின் சந்திர பால் வாதிட்டார். 1931-இன் கராச்சித் தீர்மானம் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய மன்றத்தில் எச்.வி. காமத் அதை நினைவூட்டித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, திருத்தம் வீழ்ந்தது.

1959-இன் ஆயுதச் சட்டம் இந்தப் பின்னணியில் வந்தது. துப்பாக்கிக்கு நாடெங்கும் உரிமம் தேவை. கத்தி, வாள் போன்றவற்றுக்கு அவ்வாறன்று. ஒரு பகுதியில் ‘நிலவும் சூழ்நிலைகளைக் கருதி’ பொது நலனுக்குத் தேவை என்று அரசு கருதினால், நான்காம் பிரிவின்கீழ் அறிவிக்கை வெளியிட்டு, அப்பகுதியில் மட்டும் துப்பாக்கியல்லாத ஆயுதங்களுக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கலாம். கலவரக் காலத்துக்கான கதவு என்றே இதைப் படிக்கத் தோன்றும். தில்லியின் அறிவிக்கை இந்தக் கதவு வழியாகத்தான் வந்தது. அதற்கு முடிவு நாள் குறிக்கப்படவில்லை. 1980-இன் ‘நிலவும் சூழ்நிலை’ இன்றும் நிலவுவதாகவே சட்டம் பாவிக்கிறது.

1962-இன் ஆயுத விதிகள் ஐந்தாம் வகையில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கூராயுதங்களை வைத்தன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய பயன்பாடுகளுக்காக வடிவமைத்தவற்றை விலக்கின. (அதே பட்டியலில் ‘ஜிப்போ’ என்றொரு ஆயுதமும் மேற்கோள் குறிகளுக்குள் இருக்கிறது; ‘உயிர்காப்பான்’ எனப்படும் தடிவகை என்று விதி சேர்த்துச் சொல்வதால்தான் அது ஓரளவேனும் புரிகிறது.) தில்லி அறிவிக்கையின் 7.62 செ.மீ. சரியாக 3 அங்குலம். ஒன்பது மூன்றானதற்குக் காரணம் அலகின் ஆபத்தில் இல்லை, அது திறக்கும் முறையில் இருக்கிறது. சமையலறைக் கத்தி எட்டு அங்குலம் இருக்கலாம்; பட்டன் இருந்தால் மூன்று அங்குலமே ஆயுதம்.

திறக்கும் முறையைக் குற்றமாக்கும் இந்தச் சிந்தனைக்குத் தில்லிக்கு முன்பே ஒரு வரலாறு உண்டு. அது அமெரிக்காவில் தொடங்குகிறது. நியூயார்க் மாநிலத்தின் வால்டன் ஊரில் ஜார்ஜ் ஷ்ரேட் 1890களில் பட்டன் கத்தியைத் தொழிற்சாலைப் பொருளாக்கினார். அரை நூற்றாண்டுக் காலம் அது பெரும்பாலும் கருவியாகவே விற்றது. ஒரு கையில் கயிறோ மீனோ மூட்டையோ இருக்கும்போது மற்றொரு கையால் கத்தியைத் திறக்க முடிவதே அதன் பயன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வான்குடைப் படையினருக்கு எம்-2 என்ற பட்டன் கத்தி வழங்கப்பட்டது. மரத்தில் சிக்கித் தொங்குபவர் ஒரு கையால் தம்மைத் தாங்கிக்கொண்டு மறு கையால் குடைக் கயிறுகளை அறுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இதே தேவைக்கு ஜெர்மானியர், புவியீர்ப்பால் அலகு வெளியே விழும் கத்தியைச் செய்தனர்.

1950 நவம்பரில் ‘வுமன்ஸ் ஹோம் கம்பேனியன்’ என்ற மகளிர் இதழில் ஜாக் ஹாரிசன் பொல்லாக் எழுதிய ‘கொல்லும் பொம்மை’ என்ற பொருள்படும் கட்டுரை வெளிவந்தது. அதன் பின் கத்தியின் பெயரும் அதை வைத்திருப்பவரின் உருவமும் மாறின. மீனவர் மறைந்தார், தெருமுனைச் சிறுவன் தோன்றினான். 1955-இல் ‘ரெபெல் வித்தவுட் எ காஸ்’ படத்தில் பட்டன் கத்திச் சண்டை இடம்பெற்றது. 1957-இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ மேடையேறியது. அதே ஆண்டு வந்த சிட்னி லுமெட்டின் ‘12 ஆங்கிரி மென்’ சற்று மாறுபட்டது. வழக்கின் கத்தி தனித்தன்மையானது என்று அரசுத் தரப்பு சொல்ல, நடுவர் ஒருவர் அதேபோன்ற மற்றொன்றை அருகிலுள்ள கடையில் வாங்கிவந்து மேசையில் குத்தி நிறுத்துகிறார். பின்னர், இத்தகைய கத்திகள் புழங்கிய தெருவில் வளர்ந்த மற்றொரு நடுவர், பழகியவன் அதைக் கீழிருந்து மேலாகவே வீசுவான், மேலிருந்து கீழாகக் குத்தமாட்டான் என்று விளக்குகிறார். கத்தியைக் கண்டு அஞ்சுபவருக்கும் அதை அறிந்தவருக்கும் இடையிலான தொலைவை அக்கால நாடாளுமன்ற விவாதங்களைவிட இந்தக் காட்சி தெளிவாகக் காட்டுகிறது.

1958 ஆகஸ்டு 12 அன்று கூட்டாட்சிச் சட்டம் வந்தது. பிடியிலுள்ள பட்டனையோ வேறு அமைப்பையோ கையால் அழுத்தத் தானாகத் திறப்பது, அல்லது உந்தத்தாலும் ஈர்ப்பாலும் திறப்பது என்று அது வரையறுத்தது. நீதித் துறையும் வணிகத் துறையும் இம்மசோதாவுக்கு ஆதரவு காட்டவில்லை. ஆயினும் நிறைவேறியது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தடுத்த அச்சட்டம் சில விலக்குகளையும் தந்தது. அவற்றுள் ஒன்று: ஒரே கை உள்ளவர் 3 அங்குலத்துக்கு மிகாத அலகுடைய பட்டன் கத்தியைத் தம்முடன் வைத்திருக்கலாம். இரு கைகள் உள்ளவருக்கும் ஒரு கையே ஓய்வாக இருக்கும் தருணங்கள் உண்டு என்பதை அச்சட்டம் எண்ணவில்லை. எனினும், இக்கத்தியால் யாருக்கோ பயன் இருக்கிறது என்று ஒரு சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்ட அரிய இடம் அது.

ஓராண்டுக்குப் பின் பிரிட்டன் ஏறக்குறைய அதே சொற்களால் தடை விதித்தது. அங்கு வழக்குகள் திறப்பதிலிருந்து மூடுவதற்கு நகர்ந்தன. 1988-இன் குற்றவியல் நீதிச் சட்டம் 3 அங்குலம் வரையிலான மடக்குப் பேனாக்கத்தியைப் பொது இடத்தில் அனுமதித்தது. தொழில், சமயம், தேசிய உடை ஆகியவற்றைத் தகுந்த காரணங்களாக ஏற்றது. ஆனால் விரித்த நிலையில் பூட்டிக்கொண்டு, பட்டனை அழுத்தினால் மட்டுமே மடங்கும் கத்தி ‘மடக்குக் கத்தி’ ஆகாது என்று 1990களில் நீதிமன்றம் கூறிவிட்டது. பூட்டு என்பது விரல் அறுபடாமல் காக்கும் ஏற்பாடு. அந்தப் பாதுகாப்பே கத்தியைச் சட்டத்துக்குப் புறம்பாக்கியது.

நியூயார்க்கில் நிகழ்ந்தது இதைவிடக் கசப்பானது. புவியீர்ப்புக் கத்திக்கு எதிரான பழைய தடையைக் கொண்டு, மணிக்கட்டை வேகமாகச் சுண்டினால் திறக்கும் எந்த மடக்குக் கத்தியையும் காவலர் குற்றப்பொருளாக்கினர். வன்பொருள் கடைகளில் வெளிப்படையாக விற்ற கத்திகள் அவை. வைத்திருந்தவருள் தச்சர், மின்பணியாளர், மேடை அமைப்பவர் எனப் பலர் இருந்தனர். கைதானவருள் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும். கத்தியில் ஈர்ப்பு விசையைவிட, சுண்டிப் பார்த்த காவலரின் மணிக்கட்டுத் திறனே சோதிக்கப்பட்டது. 2019-இல் அத்தடை நீக்கப்பட்டது.

தில்லிக்குத் திரும்பினால், இங்குள்ள அறிவிக்கையில் ‘திறக்கவோ மூடவோ’ என்று இரண்டும் இருக்கின்றன. ‘மூடவோ’ என்ற ஒரு சொல் போதும், பூட்டுள்ள மடக்குக் கத்தி அனைத்தும் உள்ளே வந்துவிடும். அளவையும் கவனிக்க வேண்டும். எழுதுபொருள் கடையில் கிடைக்கும் பெரிய அட்டை வெட்டும் கட்டரின் அலகு 18 மி.மீ. அகலமும் 100 மி.மீ. நீளமும் கொண்டது. அறிவிக்கையின் 1.72 செ.மீ., 7.62 செ.மீ. ஆகிய இரு எல்லைகளையும் அது தாண்டுகிறது. பட்டனை நகர்த்தினால்தான் அலகு வெளிவருகிறது. அது ஆயுதமன்று என்பது யாவரும் அறிந்தது. ஆனால் அதைச் சொல்வது அறிவிக்கை அன்று; தாய்ச் சட்டத்தின் 2(1)(சி) பிரிவு. வீட்டுக்கோ வேளாண்மைக்கோ ‘மட்டுமே’ வடிவமைத்த பொருள்கள் ஆயுதமாகா என்கிறது அப்பிரிவு. அட்டைப்பெட்டிக் கிடங்கில் வேலை செய்பவரின் கட்டர் வீட்டுக்குரியதா, வேளாண்மைக்குரியதா? தொழிற் பயன்பாட்டுக்கான விலக்கு விதிகளின் அட்டவணையில் உண்டு. சட்டத்தின் வரையறையில் இல்லை. ‘மட்டுமே’ என்ற சிற்றிடைச்சொல்லின் பாரத்தை நடைமுறையில் சுமப்பது காவலரின் விருப்பம்தான்.

அந்த விருப்பம் எவ்வாறு செயல்படுகிறது என்பதைத் தில்லி நீதிமன்றங்களின் தீர்ப்புகளில் காணலாம். ஏறத்தாழ ஒரே கதை திரும்பத் திரும்ப வரும்: மாலை ரோந்து, காவலரைக் கண்டு திரும்பி நடந்த இளைஞர், உடற்சோதனை, பையில் கத்தி. பின்னர் வெள்ளைத் தாளில் கத்தியின் கோட்டுருவம்; காவல்துறை மொழியில் அதற்குக் ‘காகா’ என்று பெயர். மொத்த நீளம், அலகு, பிடி, அகலம் ஆகியவை அதில் குறிக்கப்படும். ‘பட்டன்தார்’ என்ற சொல்லும் எழுதப்படும். வழிப்போக்கர் எவரும் சாட்சியாக முன்வரவில்லை என்ற வாக்கியமும் தவறாது. சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை இல்லாததால், கத்தியைப் பிடித்தவர் அதற்கு இட்ட பெயரே அது அவ்வகைக் கத்தி என்பதற்குச் சான்றாகிறது. சுட்டப்படும் பொருளுக்கு முன்பே சுட்டுபெயர் தீர்ப்பளித்துவிடுகிறது.

இதில் அதிகம் பேசப்படாத ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆயுதச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, மூன்றாம் பிரிவுக் குற்றங்களுக்கு, அதாவது உரிமமற்ற துப்பாக்கி வழக்குகளுக்கு, மாவட்ட நடுவரின் முன் அனுமதி வேண்டும். நான்காம் பிரிவின்கீழ் வரும் கத்தி வழக்குக்கு அது வேண்டா. நாட்டுத் துப்பாக்கியுடன் பிடிபட்டவருக்குக் கிடைக்கும் அந்த ஒரு மறுபரிசீலனைப் படி, மூன்றேகால் அங்குலக் கத்தியுடன் பிடிபட்டவருக்குக் கிடையாது. பிரிட்டனில் உள்ளதுபோல் ‘தகுந்த காரணம்’ என்ற எதிர்வாதத்தையும் அறிவிக்கை எழுதி வைக்கவில்லை. பழக்கடைக்காரரோ கம்பி இழுப்பவரோ தம் கத்தியின் பயனை எடுத்துரைக்க ஓர் இடம் அதில் அமையவில்லை.

கத்தி செய்பவரின் நிலையும் சேர்த்துப் பார்க்கத்தக்கது. ரோகிலா நவாபுகளின் தலைநகராக இருந்த இராம்பூர் 1949-இல் இந்திய ஒன்றியத்தில் கலந்தது. அதன் மடக்குக் கத்திகள் ‘இராம்பூரி’ என்ற பெயருடன் நாடெங்கும் சென்றன. 1965-இன் ‘வக்த்’ படத்தில் ராஜ்குமார் கையாண்ட கத்திக் காட்சிக்குப் பின், எழுபதுகளின் இந்திப் படங்களில் வில்லனின் அடையாள அட்டையாகவே அது மாறியது. திரைப்புகழ் பெருகிய காலத்திலேயே சட்டத்தின் பிடியும் இறுகியது, பட்டறைகள் அருகின. 2023-இல் அவ்வூரின் ஒரு சந்திப்பில் சுமார் 20 அடி நீளமுள்ள கத்திச் சின்னம் நிறுவப்பட்டது. சட்டைப்பையில் குற்றமாவது நாற்சந்தியில் பாரம்பரியமாகிறது.

அமெரிக்காவில் அண்மையில் நிகழ்ந்த திருப்பம் ஒன்று மொழியியலாளருக்குச் சுவையானது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் பட்டன் கத்தி மீதான தடையைச் செல்லாதது என்றது. பட்டன் கத்தி ‘ஆயுதம்’ என்பதும், ஆகவே இரண்டாம் திருத்தத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு என்பதும் அத்தீர்ப்பின் அடிப்படை. அங்கு ஒரு பொருளை ஆயுதம் என்று அழைப்பது அதைக் காப்பாற்றுகிறது. இங்கு அதே சொல் அதை வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்புகிறது. காமத்தின் திருத்தம் வீழ்ந்த இடத்தில்தான் இவ்விரு பொருள்களும் பிரிந்தன.

இந்தியாவில் திருப்பம் வந்தது வேறொரு சொற்றொடரிலிருந்து. 1980-இன் அறிவிக்கை இக்கத்திகளைத் தயாரித்தல், விற்றல், விற்பனைக்காகவோ சோதனைக்காகவோ வைத்திருத்தல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. பல்லாண்டுகளாகக் குற்றப்பத்திரிகைகள் நீள அகலங்களை எழுதின. இந்த நோக்கத்தை எழுதவில்லை. 2025-இல் உச்ச நீதிமன்றம், பட்டன்தார் கத்தியுடன் பிடிபட்டதாகக் கூறப்பட்ட ஒருவரின் வழக்கில் இதைச் சுட்டியது. அறிவிக்கை கூறும் நோக்கத்துக்காகக் கத்தி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டே இல்லாதபோது வழக்குக்கு அடிப்படை இல்லை என்று நடவடிக்கைகளை ரத்து செய்தது. தில்லி உயர் நீதிமன்றம் முன்னதாக அவருக்கு அந்நிவாரணத்தை மறுத்திருந்தது.

ரத்தானது அந்த ஒருவர் மீதான நடவடிக்கை, அறிவிக்கை அன்று. ‘கராரிதார்’ எது, ‘பட்டன்தார்’ எது என்று வரையறுக்கவும் அவ்வழக்கில் தேவை எழவில்லை.